‘இதுவரை யாரும் ஆராயவில்லை’: ஒரு பறையைத் தேடி ஆய்விதழ்களுக்குள்

இசை பற்றியும் நாட்டார் கலைகள் பற்றியும் எழுதப்படும் ஆய்வேடுகளின் முதல் இயலில் ஒரு வாக்கியம் அடிக்கடி எட்டிப் பார்க்கும்: ‘இப்பொருள் குறித்து இதுவரை விரிவான ஆய்வு எதுவும் மேற்கொள்ளப்படவில்லை.’ ஆய்வின் தேவையைச் சொல்லும் இடத்தில் இப்படி எழுதுவது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். பல நேரம், ‘தேடிப் பாத்தாச்சு சார், ஒண்ணும் கெடைக்கல’ என்பதைத்தான் ஏட்டுத் தமிழில் அப்படி எழுதிவைக்கிறோம்.

கிடைக்கவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றல்ல. ஒருவர் பல வருடங்கள் ஒரு கிராமத்தில் தங்கி, பறை அடிப்பவர்களோடு பேசி, அடிகளைக் குறித்து, ஒரு கட்டுரை எழுதியிருப்பார். அந்தக் கலைஞர்களின் வார்த்தைகள் அதில் இருக்கும். அடுத்த தலைமுறை மாணவர் ‘இல்லை’ என்று எழுதும்போது கட்டுரையாளரின் உழைப்போடு அந்தக் கலைஞர்களின் பேச்சும் சேர்ந்து காணாமல் போகிறது. எல்லோரும் முதல் அடியிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.

ஏன் கிடைப்பதில்லை? மாணவரின் சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் பறையை எடுத்துக்கொண்டு தேட உட்கார்ந்தால் வேறொன்று தெரியும். கட்டுரைகள் இருக்கின்றன. ‘இசை’ என்று பெயர் எழுதிய அலமாரியில் மட்டும் அவை இல்லை. இனவியல், மானிடவியல், நாட்டாரியல், சமய ஆய்வு, சமூக வரலாறு என்று சிதறிக் கிடக்கின்றன. யார் எப்போது இப்படிப் பிரித்து அடுக்கினார்கள்? அந்த வரலாறு தெரிந்தால் தேடுவது பாதி முடிந்தது மாதிரி.

ஒரே வருடம், இரண்டு கட்டுரைகள்

1885 முக்கியமான வருடம். ஜெர்மன் மொழியில் இசையியலுக்கென்று ஒரு காலாண்டிதழ் அந்த வருடம்தான் தொடங்கியது. அதன் முதல் தொகுதியில் குய்டோ ஆட்லர், இசையியல் என்ற துறைக்கு ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தார். இசையின் வரலாற்றைப் படிப்பது ஒரு பெரும்பிரிவு. இசையின் விதிகளை முறைப்படுத்திப் படிப்பது இன்னொன்று. இரண்டாவதன் உள்ளே ஒரு சின்னக் கிளை ‘ஒப்பீட்டு இசையியல்’. உலகின் பல்வேறு மக்களின் பாடல்களை இனவியல் நோக்கில் ஒப்பிட்டு வகைப்படுத்துவது அதன் வேலை.

வரைபடம் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் பாருங்கள், ஐரோப்பிய இசைக்கு வரலாறு என்ற பெரிய கூடம் கிடைத்தது. மற்றவர்களின் இசைக்கு ஒப்பீடு என்ற பக்கத்து அறை. இன்று நீங்கள் இசையியல் ஆய்விதழ்களில் தேடும்போது மொசார்ட்டின் ஒரு கையெழுத்துப்படிக்குப் பல கட்டுரைகள் வந்து விழுவதற்கும், நம் ஊர்த் தோல்கருவிக்கு வேறு துறைகளில் போய் அலைய வேண்டியிருப்பதற்கும் இந்த அறைப் பிரிப்பில் ஒரு வேர் இருக்கிறது.

அதே 1885இல் லண்டனில் அலெக்ஸாண்டர் எல்லிஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் மொழியியலிலும் கணிதத்திலும் ஈடுபட்டவர். ஒரு ஸ்தாயியை 1200 கூறுகளாகப் பிரித்து அளக்கும் ‘சென்ட்’ முறை அவருடையது. இந்தியா உட்படப் பல நாடுகளின் சுர அளவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தவர், இயற்கையே வகுத்துத் தந்த ஒரே சுரவரிசை என்று எதுவும் இல்லை, அவை ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன என்ற முடிவுக்கு வந்தார். இன இசையியலின் பிறப்புப் பத்திரம் என்று பலரும் சொல்லும் கட்டுரை அது. எங்கே வந்தது? கலை, தொழில், வணிகம் மூன்றையும் வளர்ப்பதற்கான சங்கம் ஒன்றின் இதழில். ஆக, தொடக்கத்திலேயே இந்தத் துறையின் ஆதாரக் கட்டுரை இசை இதழுக்கு வெளியே நின்றது.

211.3

1900இல் பெர்லினில் கார்ல் ஸ்டும்ஃப் என்ற உளவியல் பேராசிரியர், அந்த ஊருக்கு வந்திருந்த சயாம் நாடகக் குழுவின் இசையை மெழுகு உருளைகளில் பதிவு செய்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் பெர்லின் ஒலி ஆவணக்காப்பகம். எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டல் அதைப் பெரிதாக்கினார். அவரும் கர்ட் சாக்ஸும் சேர்ந்து 1914இல் உலகின் இசைக்கருவிகள் அனைத்துக்கும் ஒரு எண்முறை வகுத்தார்கள். நூலகப் புத்தகங்களுக்கு எண் போடுவது போல, கருவிகளுக்கு எண். அந்தக் கட்டுரையும் ஓர் இனவியல் இதழில்தான் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1961இல், பழைய இசைக்கருவிகளுக்கான கால்பின் சங்கத்தின் இதழில் வெளியானது.

அந்த முறையில் 2 என்றால் தோல்கருவி. 211 என்றால் நேரடியாக அடித்து வாசிப்பது. 211.3 என்றால் சட்டப் பறை: உடலின் ஆழம் தோலின் ஆரத்தைத் தாண்டாத கருவி. நம் பறை இங்கேதான் வந்து உட்கார்கிறது. அயர்லாந்தின் போரானும் அரேபியாவின் தஃபும் பக்கத்திலேயே இருக்கின்றன. அருங்காட்சியகப் பட்டியல்களில் பறையைத் தேடுகிறவருக்கு இந்த எண் ஒரு சாவி. ‘பறை’ என்று அடித்தால் வராதது, ‘ஃப்ரேம் டிரம்’ என்று அடித்தால் வரும்.

ஆனால் எண் சொல்லாதது நிறைய. பறையைத் தீயில் காய்ச்சுகிறவர் யார், சாவுக்கு அடிக்கும்போது என்ன அடி, திருவிழாவில் என்ன அடி, அடிக்க மறுத்தால் ஊர் என்ன செய்யும் என்பதற்கெல்லாம் 211.3இல் இடமில்லை. அந்தத் தகவல்கள் வேறொரு அலமாரிக்குப் போயின. 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலில் பறை, ஒரு சாதியின் பெயர்க்காரணமாக வருகிறது. ஆங்கில அகராதியிலோ அந்தப் பெயரே ‘விலக்கப்பட்டவர்’ என்ற பொதுச்சொல்லாக ஆகிவிட்டது. இன்றும் அந்த ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடினால், பறை அடித்தவர்கள் இருந்த தெருவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத அரசியல் கட்டுரைகள் வந்து குவியும்.

கருவி ஒரு பக்கம், அடிப்பவர் ஒரு பக்கம் என்று இப்படிப் பிரிந்தது. கருவி அருங்காட்சியகத்துக்குப் போனது. அடிப்பவர் சாதிப் பட்டியலுக்குப் போனார். இரண்டையும் சேர்த்து எழுதும் இதழ் வர வெகுகாலம் ஆயிற்று.

மெட்ராஸின் அலமாரி

வெளிநாட்டுக்காரர்கள்தான் இப்படிப் பிரித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரிலும் அலமாரிகள் செய்தார்கள்.

1890களின் தொடக்கத்தில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார், தியாகராஜரின் கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுதிப் பகுதி பகுதியாக வெளியிட்டார். வாய்வழி வந்த இசை தாளில் ஏறவில்லை என்றால் அழிந்துவிடும் என்ற கவலை அவருக்கு. 1917இல் தஞ்சாவூரிலிருந்து ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ வந்தது. சித்த மருத்துவரான பண்டிதர், சுருதிகள் 22 என்ற கருத்தை மறுத்து, பழந்தமிழ் நூல்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்கும் போய் வாதாடினார்.

1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டோடு சேர்த்து மெட்ராஸில் ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் பலன், 1928இல் மியூசிக் அகாடமி. 1930இல் அகாடமியின் ஆய்விதழ் தொடங்கியது. இந்திய இசை பற்றி இவ்வளவு நீண்டகாலம் வந்துகொண்டிருக்கும் ஆய்விதழ்கள் குறைவு. வடமொழி இலக்கண நூல்கள், ராக லட்சணம், தாளம், வாக்கேயக்காரர்களின் வரலாறு, மாநாட்டு விவாதங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. கர்நாடக இசை பற்றி ஆராய்கிறவர் முதலில் திறக்க வேண்டிய பெட்டி அது. பழைய தொகுதிகள் பல மின்னாக்கம் செய்யப்பட்டு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆனால் ஓர் ஆய்விதழ் எதை அச்சிடுகிறது என்பதோடு, எதை ஆய்வுக்குரிய கேள்வியாக நினைக்கிறது என்பதும் முக்கியம். ஒரு ராகத்தில் இந்தச் சுரம் வரலாமா கூடாதா என்பது அங்கே பக்கம் பக்கமாக விவாதிக்கத் தகுந்த கேள்வி. சாவு மேளத்தின் அடிகளுக்கு என்ன இலக்கணம் என்பது அந்த அளவுக்கு யாரையும் உறுத்திய கேள்வியாகத் தெரியவில்லை. 1941இல் தேவகோட்டை மாநாட்டிலிருந்து தமிழிசை இயக்கம் வேகம் பிடித்தது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. தேவாரப் பண்கள் பற்றிய ஆராய்ச்சி அங்கே வளர்ந்தது. 1947இல் விபுலாநந்த அடிகளின் ‘யாழ் நூல்’ வந்தது. அகாடமியோடு மல்லுக்கு நின்ற இயக்கம் இது. ஆனாலும் பண், யாழ், சிலப்பதிகாரம் என்று இது தேடிப் போனது பெரும்பாலும் இழந்த செவ்வியல் ஒன்றைத்தான். தெருவில் அப்போதும் அடித்துக்கொண்டிருந்த பறை, இரண்டு அலமாரிகளிலும் கடைசித் தட்டில்தான் இருந்தது.

பெயர் மாறிய துறை, பெயர் மாறிய இதழ்கள்

1933இல் ஜெர்மனியில் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். தாய்வழியில் யூதரான ஹார்ன்போஸ்டல் வேலையை இழந்து நாட்டை விட்டு வெளியேறினார். 1935இல் இங்கிலாந்தில் இறந்தார். சாக்ஸ் பாரிஸ் வழியாக நியூயார்க் போனார். அந்த 1933இல்தான் ராபர்ட் லாக்மான் ஒப்பீட்டு இசையியலுக்கென்றே ஓர் இதழைத் தொடங்கியிருந்தார். மூன்று வருடம். 1935இல் இதழ் நின்றது. லாக்மான் ஜெருசலேமுக்குப் போய்விட்டார். பெர்லினில் இருந்த துறை உடைந்து சிதறியது. போருக்குப் பிறகு அது பெரிய அளவில் தலையெடுத்தது அமெரிக்காவில், வேறு பெயரில்.

அந்தப் பெயரை 1950இல் ஒரு சிறுநூலில் முன்வைத்தவர் டச்சுக்காரரான யாப் குன்ஸ்ட்: ‘எத்னோ-மியூசிகாலஜி’, நடுவில் ஓர் இடைக்கோட்டோடு. ஒப்பிடுவது மட்டும் இந்தத் துறையின் வேலை இல்லை என்பது அவர் வாதம். 1953இல் அமெரிக்காவில் ஒரு சுற்றறிக்கை தொடங்கியது. 1955இல் சங்கம் அமைந்தது. சுற்றறிக்கை சில வருடங்களில் முழு ஆய்விதழாக வளர்ந்தது. இடைக்கோடும் உதிர்ந்தது. இன்று ‘எத்னோமியூசிகாலஜி’ என்ற பெயரில் வருவது அதுதான்.

பழைய கட்டுரைகளைத் தேடுகிறவர் இந்தப் பெயர் மாற்றங்களைக் கையில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1950க்கு முந்தைய எழுத்தில் ‘எத்னோமியூசிகாலஜி’ என்று தேடினால் ஒன்றும் வராது. அப்போது அது ‘ஒப்பீட்டு இசையியல்’ அல்லது வெறும் ‘கீழைத்தேய இசை’. 1947இல் லண்டனில் தொடங்கிய சர்வதேச நாட்டுப்புற இசை மன்றம் முதலில் தன் பெயரிலேயே ஓர் இதழ் நடத்தியது. 1969இலிருந்து அது ஆண்டு மலர் ஆனது. 1981இல் மன்றம் ‘நாட்டுப்புற இசை’யை விட்டு ‘மரபிசை’க்கு மாறியது. ஆண்டு மலரும் பெயர் மாற்றிக்கொண்டது. 2023இல் மன்றத்தின் பெயர் இன்னொரு தடவை மாறி, நடனமும் உள்ளே வந்தது. பிரிட்டனில் 1992இல் தொடங்கிய இதழ் 2004இல் ‘எத்னோமியூசிகாலஜி ஃபோரம்’ ஆனது. ‘ஏஷியன் மியூசிக்’ மட்டும் 1968இலிருந்து பெயரை மாற்றாமல் வந்துகொண்டிருக்கிறது.

தமிழிலும் இதே கதைதான். இத்துறைக்கு இன இசையியல், இனக்குழு இசையியல், இனவரைவு இசையியல், இசை மானிடவியல் என்று ஆளுக்கொரு சொல். ஒன்றைப் போட்டுத் தேடுகிறவருக்கு மற்றதில் எழுதியவர் தென்படமாட்டார்.

இந்தப் புதிய துறை தமிழ்நாட்டுக்கு வந்தபோது முதலில் எதைக் கேட்டது? 1963இலிருந்து அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டி. ரங்கநாதன் மிருதங்கம் கற்றுக்கொடுத்தார். 1965இல் ராபர்ட் பிரவுன் மிருதங்கம் பற்றிய தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை லாஸ் ஏஞ்சலஸில் சமர்ப்பித்தார். பாட்டும் மிருதங்கமும் சபா மேடையிலிருந்து நேராக அமெரிக்க வகுப்பறைக்குப் போயின. எந்தக் கலைஞர் அழைக்கப்படுவார், எந்தக் கருவி கற்பிக்கப்படும் என்பதில் மெட்ராஸின் அலமாரி வரிசை அப்படியே கப்பலேறியது.

சாதி உள்ளே வந்த கட்டுரைகள்

அந்த வரிசை குலைந்தது மெல்ல மெல்லத்தான். குலைத்தவர்களில் பலர் இசை இதழ்களுக்கு வெளியிலிருந்து எழுதினார்கள்.

இங்கே நா. வானமாமலையைச் சொல்லாமல் போக முடியாது. நாட்டுப்பாடல்களை வரலாற்றுச் சான்றாக வாசித்தவர். 1969இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘ஆராய்ச்சி’ என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். பெரிய நிறுவனப் பின்பலம் இல்லாமல் நடந்த இதழ் அது. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் பிற்பாடு அந்தப் பாதையை விரிவாக்கியது. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, ஒப்பாரி பற்றியெல்லாம் ‘இசை’ என்ற தலைப்பில் தேடி ஏமாந்தவருக்கு, ‘நாட்டார் வழக்காற்றியல்’ என்ற தலைப்பில் ஒரு தனி உலகமே காத்திருக்கிறது. வில்லுப்பாட்டு பற்றி ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988இல் வெளியிட்ட நூலும் நாட்டாரியல் அலமாரியில்தான் இருக்கிறது.

1997இல் மாத்யூ ஆலன், பரதநாட்டியம் எப்படி மறுவார்ப்புச் செய்யப்பட்டது என்று எழுதிய நீண்ட கட்டுரை ஒரு நாடக இதழில் வந்தது. மியூசிக் அகாடமியும் தேசியமும் எப்படிப் பின்னிக்கொண்டன என்ற லட்சுமி சுப்பிரமணியனின் 1999ஆம் வருடக் கட்டுரை, பொருளாதார, சமூக வரலாற்று இதழில் வந்தது. கர்நாடக இசையில் பெண்குரல் எப்படி மரியாதைக்குரியதாக்கப்பட்டது என்ற அமாண்டா வீட்மனின் 2003ஆம் வருடக் கட்டுரை பண்பாட்டு மானிடவியல் இதழில். இசை இதழ்களை மட்டும் புரட்டிக்கொண்டிருந்தால் இந்த மூன்றும் கண்ணில் படாது.

இசை இதழுக்குள்ளேயே உடைப்பு நடந்ததற்கு நல்ல உதாரணம் யோஷிடாகா டெராடா. ஜப்பானிய ஆய்வாளர். டி. என். ராஜரத்தினம் பிள்ளையைப் பற்றி 1992இல் முனைவர் ஆய்வேடு எழுதியவர். 2000இல் ‘எத்னோமியூசிகாலஜி’ இதழில் வந்த அவருடைய கட்டுரை, ராஜரத்தினத்தின் மேதைமையைச் சாதிப் போட்டியின் நடுவே வைத்துப் பார்க்கிறது. பெரிய மேளக் குடும்பங்கள் அவரைப் பற்றிச் சொல்லும் கதையும், பிராமண ரசிகர்கள் சொல்லும் கதையும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்கிறது. தோடி எவ்வளவு நேரம் வாசித்தார் என்ற பெருமையோடு நின்றுவிடும் பேச்சு, அங்கே யார் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்ற கேள்வியாக மாறுகிறது.

பறைக்கு வருவோம். சாவு வீட்டுப் பாடல்களையும் பறையோடு பாடப்படும் மரணப் பாடல்களையும் பற்றி இசபெல் கிளார்க்-டெசே 2005இல் எழுதிய நூல் மானிடவியல் அலமாரியில் இருக்கிறது. மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியோஃபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்று அறியப்பட்டவர், கிராமிய மெட்டையும் தலித் விடுதலை இறையியலையும் இணைத்துப் பாடல்கள் செய்தார். ஸோ ஷெரினியன் அவரிடம் கற்று எழுதிய கட்டுரை 2007இல் ‘எத்னோமியூசிகாலஜி’யில் வந்தது. நூல் 2014இல். பறைக் கலைஞர்களைப் பற்றி அவர் எடுத்த ஆவணப்படம் 2011இல். ஒதுக்கப்பட்ட இசைச் சமூகங்களின் நிலை மாறுவதைப் பற்றி 2009இல் அவர் எழுதிய கட்டுரை இருப்பதோ ஒரு சமய ஆய்விதழில். ஒரே ஆய்வாளரின் வேலை, நான்கு வெவ்வேறு கதவுகளுக்குப் பின்னால்.

இப்போது அந்த முதல் வாக்கியத்தை மறுபடி வாசியுங்கள். ‘இதுவரை விரிவான ஆய்வு எதுவும் மேற்கொள்ளப்படவில்லை.’ இருக்கே!

எழுத்துக்கூட்டலும் ஏணியும்

சரி, எப்படித் தேடுவது? மேலே சொன்ன வரலாறே வழியையும் காட்டுகிறது.

முதலில் எழுத்துக்கூட்டல். மெட்ராஸ் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியின் முறைப்படி ஆங்கில எழுத்தில் பெயர்க்கிற ஆய்வாளர், ‘பறை’யின் றகரத்துக்கு அடியில் கோடு போட்ட ஆர் எழுதுவார். இன்னொருவர் ஒற்றை ஆர். வேறொருவர் இரட்டை ஆர். ‘தப்பு’, ‘தப்பட்டை’ என்று எழுதுகிறவர் டி மட்டும் போடுவார், அல்லது டி-யோடு ஹெச் சேர்ப்பார். நாகசுரத்தின் பாடு இன்னும் மோசம். சபா அழைப்பிதழ் போல ‘நாதஸ்வரம்’, சற்றுக் கறாரானவர்களின் ‘நாகஸ்வரம்’, அகராதி முறையில் சகரத்துக்கு சி போட்டு, ஆங்கிலத்தில் ‘நாககுரம்’ மாதிரி வாசிக்கத் தோன்றும் ஒன்று. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். தேடுபொறிக்குத் தமிழ் ஒலிப்பு தெரியாது. கோடு போட்ட எழுத்தைச் சில தரவுத்தளங்கள் சாதாரண எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது.

அடுத்தது ஏணி. ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால், அதன் கடைசிப் பக்கங்களின் மேற்கோள் பட்டியல் கீழ்நோக்கி இறங்கும் படி. அந்தக் கட்டுரையைப் பிற்பாடு யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கூகுள் ஸ்காலரில் பார்ப்பது மேலே ஏறும் படி. டெராடாவின் 2000ஆம் வருடக் கட்டுரையில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் போய்ப் பாருங்கள். நாகசுரம் பற்றிய உரையாடல் முழுவதும் ஒரு மாலைப்பொழுதில் கண்முன் விரியும். நூல் மதிப்புரைகளையும் விடக்கூடாது. நானூறு பக்க நூல் கைக்கு எட்டாதபோது, இரண்டு மூன்று பக்க மதிப்புரை அந்த நூலின் வாதத்தையும் பலவீனத்தையும் சொல்லிவிடும். அது வேறு எந்தத் துறையின் இதழில் வந்திருக்கிறது என்பதே அடுத்த அலமாரிக்கான முகவரி.

மூன்றாவது, இடங்கள். உலக இசை எழுத்துகளுக்கென்றே 1966இல் தொடங்கப்பட்ட அட்டவணை ‘ரில்ம்’. இசை இதழ்களோடு மற்றத் துறை இதழ்களில் வரும் இசைக் கட்டுரைகளையும் அது சேர்க்கிறது. ஆனால் கட்டணம் உண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ‘ஜேஸ்டோர்’ 1995இலிருந்து பழைய இதழ்களை மின்னாக்கி வைத்திருக்கிறது. தனிநபரும் இலவசக் கணக்குத் தொடங்கி, மாதத்துக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பல கட்டுரைகளைத் திரையில் படிக்கலாம். அதில் பல இதழ்களுக்குக் கடைசிச் சில வருடங்கள் இருக்காது. ‘நகரும் சுவர்’ என்பார்கள். வருடம் நகர நகரச் சுவரும் நகரும். இந்திய ஆய்வேடுகளுக்கு ‘ஷோத்கங்கா’. சங்கீத நாடக அகாடமியின் இதழ் 1965இலிருந்து வருகிறது. சென்னையில் 1997இல் தொடங்கிய தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையம் வெளியிட்ட ‘இந்தியன் ஃபோக்லைஃப்’ இதழ்கள் இன்னொரு சுரங்கம். அச்சில் மட்டும் இருப்பவற்றுக்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். ஈழத்துக் கூத்தும் இசையும் பற்றியென்றால் ‘நூலகம்’ வலைத்தளம்.

நான்காவது, பணம். ஓர் ஒற்றைக் கட்டுரைக்குப் பதிப்பகம் கேட்கும் தொகை, நம் மாணவர் ஒருவரின் மாத மெஸ் பில்லோடு போட்டி போடும். 2024 நவம்பரில் ஒன்றிய அரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று வருடங்களுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், சுமார் 6,300 அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. அரசுக் கல்லூரியில் படிக்கிறவர் நூலகரிடம் போய்க் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். எந்த நிறுவனத்திலும் இல்லாமல் ஆர்வத்தால் ஆராய்கிறவர் இன்னும் வாசலில்தான் நிற்கிறார். அவருக்கு ஒரு வழி உண்டு: கட்டுரையாளருக்கே ஒரு மின்னஞ்சல். தன் கட்டுரையை யாரோ ஒருவர் திருநெல்வேலியிலிருந்து கேட்கிறார் என்றால் மகிழ்ந்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

திரும்பி வந்த ஒலி

இவ்வளவு தேடியபிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. பறை அடிப்பவர் தன்னைப் பற்றிய கட்டுரையை எங்கே தேடுவார்?

டச்சு ஆய்வாளர் ஆர்னால்ட் பாக்கே 1938இல் தென்னிந்தியா வந்து, பாட்டுகளையும் ஆட்டங்களையும் ஒலியாகவும் படமாகவும் பதிவு செய்தார். பதிவுகள் ஐரோப்பியக் காப்பகங்களுக்குப் போயின. 1984இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் அந்தப் பதிவுகளின் பிரதிகளை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தில் பாக்கே போன தடத்திலேயே மறுபடி போனார்கள். நாற்பத்தாறு வருட இடைவெளி. பழைய ஒலியை ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டி, எது இருக்கிறது, எது மாறியது, எது போனது என்று கேட்டார்கள். ஜைராஸ்பாய் முன்கை எடுத்து 1982இல் உருவான இன இசையியல் ஆவணக்காப்பகம் குர்கானில் இன்றும் இயங்குகிறது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் இங்கே எடுத்த பதிவுகளின் பிரதிகள் இந்தியாவிலும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம்.

ஒலி அப்படித் திரும்பி வந்தது. கட்டுரைகள் அந்த அளவுக்குத் திரும்பவில்லை. டெராடாவும் ஷெரினியனும் எழுதியதைத் தமிழில் தேடினால் கிடைப்பது சொற்பம். மறுபக்கம், ‘ஆராய்ச்சி’ இதழில் தமிழில் எழுதப்பட்டதை ஆங்கில ஆய்விதழ்கள் மேற்கோள் காட்டுவதும் சொற்பமே. வீ. ப. கா. சுந்தரம் தொகுத்த ‘தமிழிசைக் கலைக்களஞ்சியம்’ நான்கு பெரும் தொகுதிகள். தமிழ் வாசிக்கத் தெரியாத தேடுபொறிப் பயணிக்கு அது இல்லாத நூல். அங்கிருப்பவருக்கு இங்கே எழுதியது தெரியவில்லை, இங்கிருப்பவருக்கு அங்கே எழுதியது எட்டவில்லை. இரண்டு பேரும் தங்கள் ஆய்வேட்டில் அதே வாக்கியத்தை எழுதுகிறார்கள்.

இரண்டு மொழியும் வாசிக்கிற உங்கள் தலைமுறைக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்த ஒரு கட்டுரைக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதி இணையத்தில் போட்டாலே, அடுத்தவர் தேடும்போது ‘பறை’ என்ற தமிழ்ச் சொல்லுக்கு அது சிக்கும். தமிழ்க் கட்டுரை ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினால் மறுபக்கமும் கதவு திறக்கும். அதைக் கட்டுரையில் வரும் கலைஞர்களிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினால் இன்னும் நல்லது. ‘அந்த அடி அப்படி இல்ல தம்பி’ என்று அவர் திருத்துவாரானால், அது எந்த ஆய்விதழிலும் இன்னும் வராத தகவல்.

ஆய்வேட்டின் அந்த வாக்கியத்தையும் மாற்றி எழுதலாம். இந்த இந்த இடங்களில் தேடினேன். இந்த இந்தச் சொற்களைப் போட்டேன், இந்த எழுத்துக்கூட்டல்களில். இவ்வளவு கிடைத்தது. இவற்றில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அதனால் நான் கேட்கிறேன். வாக்கியம் கொஞ்சம் நீளமாகிவிடும்தான். ஆனால் அடுத்து வருகிறவர் அங்கிருந்து தொடங்கலாம்.